ஆளில்லாச் சாலைகளின் வரைபடம்

வெள்ளிக்கிழமை விடிந்ததும் எங்கள் தொழிலாளர் கேம்ப் வாசலைத் தாண்டி நாலைந்து கார்கள் மலைக்குள் போகும். ஒவ்வொரு காரின் கூரைமேலும் இரண்டு சைக்கிள்கள் இருக்கும். கயிறு போட்டுக் கட்டியவை அல்ல. அதற்கென்றே வாங்கிய சட்டத்தில், ஆபரேஷன் முடிந்த நோயாளியைக் கட்டிலில் கிடத்தியதுபோல் அத்தனை பக்குவமாகப் பூட்டியிருப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது எங்கோ ரிப்பேருக்குக் கொண்டுபோகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஏற்றம் தொடங்குகிற இடத்தில் கார்களை நிறுத்திச் சைக்கிள்களை இறக்குவார்கள். உடம்போடு ஒட்டிய வழுவழுப்பான கால்சட்டை, தலையில் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்தாற்போல ஒரு தொப்பி. மூச்சு வாங்க மலை ஏறுவார்கள், அதே வழியாக இறங்குவார்கள், வியர்வையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை மறுபடி கார்மேல் ஏற்றித் துபாய்க்குப் போய்விடுவார்கள். ஒரு மூட்டை கொண்டுபோகவில்லை, ஓர் ஆளைப் பார்த்துவரவில்லை, ஒரு சாமானும் வாங்கவில்லை. சைக்கிள் மனிதனைச் சுமக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். மனிதன் கார் வாங்கி அதன் தலையில் சைக்கிளைச் சுமக்கிற நாகரிகத்தைப் பார்க்க நான் வளைகுடாவுக்கு வரவேண்டியிருந்தது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அமீரகம் என்றால் உயரமான கட்டடமும் மணலும்தான். லீவில் வருகிற எங்களைப் போன்றவர்கள் காட்டுகிற போட்டோக்களில் அவை மட்டும்தானே இருக்கின்றன? துபாய் தேரா கடைத்தெருவில் தங்கக் கடை முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படத்தை அனுப்புவோம். கல் உடைக்கிற கிரஷரில் நின்று எடுத்த படத்தை அனுப்பமாட்டோம். மசாஃபியிலிருந்து ஃபுஜைராவுக்குப் போகிற வழியில் மணல் கிடையாது. கரிந்த மலைகள்தான். அடுப்பில் வெந்து தணிந்த கட்டிபோல, கறுப்பும் துருவேறிய பழுப்புமாக, புல் பூண்டு இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அந்த மலையை வெடி வைத்துப் பிளந்து, ஜல்லியாக உடைத்து, துபாய் ரோடுகளுக்கு லாரியில் அனுப்புகிற கம்பெனியில் நான் எலக்ட்ரீஷியன். வாரத்தில் ஆறு நாள் நாங்கள் உடைக்கிற மலையை ஏழாம் நாள் அவர்கள் வந்து ரசிப்பார்கள். நாங்கள் உடைத்துப் போட்ட ஜல்லியின் மேலேயே ஓட்டிக்கொண்டு வந்து ரசிப்பார்கள்.

எனக்குச் சைக்கிளோடு பழைய பகை உண்டு. குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் என் அப்பா சைக்கிளில் மீன் விற்றார். கேரியரில் கட்டிய பெட்டியிலிருந்து மீன் தண்ணீர் ஒழுகி, பின்சக்கரம் எப்போதும் நாறும். அதே சைக்கிளில்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுவார். நான் இறங்கியதும் வகுப்பில் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து நடந்தே போனேன். அப்பாவுக்குக் காரணம் தெரியும், ஆனால் கேட்கவில்லை. இதை அப்பாவின் பெருமை பாடுவதற்காக எழுதவில்லை. அந்தச் சைக்கிளை நான் வெறுத்தேன், அவ்வளவுதான். ஐ.டி.ஐ. முடித்ததும், பம்பாய் ஏஜென்டுக்குப் பாஸ்போர்ட் கொடுத்ததும், விமானம் ஏறியதும் எல்லாம் சைக்கிளிலிருந்து இறங்குவதற்காகத்தான். அப்படி வந்தவனை, வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் ஃபோர்மேன் ஸ்டோருக்குக் கூட்டிப்போய் ஒரு சைனா சைக்கிளைக் காட்டினார். கிரஷருக்குத் தண்ணீர் தருகிற இரண்டு போர்வெல்லும் மலைக்குள் பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருந்தன. காலையும் மாலையும் போய் மோட்டாரைப் பார்த்துவர வேண்டும். "வண்டி வர்ற வரைக்கும்," என்றார் ஃபோர்மேன். வண்டி இரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்தது.

இந்த நாட்டில் சைக்கிள் ஓட்டுகிறவன் மனிதக் கணக்கில் கடைசி வரி. அவனுக்குப் பிறகு ஆடு. லாரிக்காரன் ஆட்டைக் கண்டால் பிரேக் போடுவான், ஏனென்றால் ஆட்டுக்குச் சொந்தக்காரன் ஓர் அரபி. சைக்கிள்காரனைக் கண்டால் ஹாரன் மட்டும்தான். இதில் நம் ஆட்கள் இன்னும் மேல். துபாயில் என் சித்தி மகன் ஒருவன், ஏதோ டிரேடிங் ஆபீசில் கிளார்க், கொரோலா வைத்திருந்தான். ஒருமுறை மனைவியோடு ஃபுஜைரா கடலைப் பார்க்க வந்தவன், வழியில் என்னைக் கண்டு காரை மெதுவாக்கினான். கண்ணாடியைப் பாதி இறக்கி, "சேவியரு, போன் பண்ணுதேன் என்ன?" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டான். அடுத்த சீட்டில் இருந்தவளுக்கு என்னை யாரென்று சொல்லியிருப்பான் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இன்றுவரை போன் வரவில்லை.

இந்தப் பின்னணியில்தான் கீத்தைச் சந்தித்தேன். எங்கள் ஊரில் கீத்து என்றால் கூரை வேய்கிற தென்னங்கீற்று. இங்கே அது ஒரு வெள்ளைக்காரனின் பெயர். துபாயில் ஒரு கன்சல்டன்சியில் பெரிய என்ஜினியர். நாற்பத்தைந்து வயதிருக்கும், வெந்த இறால்போல் சிவந்த முகம். ஒரு வெள்ளிக்கிழமை, லீவு நாளாக இருந்தும் மோட்டார் ரிப்பேர் என்று, நான் போர்வெல்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் சரசரவென்று சத்தம். அவன் எட்டுப் பேரோடு வந்து என்னை எட்டிப் பிடிக்கப் பார்த்தான், முடியவில்லை. ஏற்றத்தின் உச்சியில் நான் தண்ணீர் குடிக்க நின்றபோதுதான் வந்து சேர்ந்தான். என் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தான். கியர் எங்கே என்று தேடினான். பிறகு, "யூ ட்ரெயின் ஹியர் எவ்ரி டே?" என்று கேட்டான்.

"ட்ரெயினிங் ஃபினிஷ், சார்," என்றேன். "நாகர்கோவில் ஐ.டி.ஐ. டூ இயர்ஸ். சர்டிஃபிகேட் ஹேவ்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். நான் வேடிக்கையாகப் பேசுகிறவன் என்று நினைத்துவிட்டான். அதற்கப்புறம் என்னைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லும்போதெல்லாம் அந்தப் பதிலைச் சொல்லித்தான் அறிமுகம் செய்வான். இவ்வளவு திடமாக எப்படி இருக்கிறாய் என்று கேட்டான். "மாஃபி வெஹிகிள்," என்றேன், வண்டி இல்லை என்று. அதற்கும் சிரித்தான். உலகத்திலேயே மிக அழகான ஆபீஸ் உனக்குத்தான் என்றான். அந்த ஆபீசில் நிழல் கிடையாது, கக்கூஸ் கிடையாது, ஜூலை மாதத்தில் ஹேண்டில்பாரைத் துணி சுற்றாமல் பிடிக்க முடியாது. ஆனால் ஒரு வெள்ளைக்காரன் என்னை நிறுத்தி, கை கொடுத்து, பெயர் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவனுக்கு வேண்டியது சத்தமில்லாத ரோடு. லாரி வராத, ஆள் வராத, வளைந்து ஏறி இறங்குகிற ரோடுகளைத் தேடி ஒரு வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தான். அத்தனையும் எனக்குத் தெரியும். எந்த வளைவில் ஜல்லி கொட்டிக் கிடக்கும், எந்த வாடியில், அதாவது காய்ந்த ஆற்றுப் படுகையில், மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் ரோடு காணாமல் போகும், ஈச்சந்தோட்டத்துக்குள் புகுந்து அணைக்குப் பின்னால் வெளியே வருகிற தார்ப்பாதை எது, எல்லாம் இரண்டு வருஷத்து வியர்வையில் படித்தவை. சொன்னேன். அடுத்த வாரம் முன்னால் போய்க் காட்டவும் செய்தேன். வெள்ளிக்கிழமை எனக்கும் லீவு நாள். ஆறு நாள் வெறுத்த சைக்கிளை ஏழாம் நாள் நானே எடுத்துத் துடைத்து, எண்ணெய் போட்டு, கேம்ப் வாசலில் காத்து நின்றேன். முதல் பத்தியில் அவர்களை எவ்வளவு ஏளனமாக எழுதினேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஏளனத்தில் பாதிக்கு நானும் தகுதியானவன்.

அவர்களில் ஹெலன் என்று ஒரு பெண் இருந்தாள். கல்லைப் பற்றிப் படித்தவள். ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டு மலைச்சரிவைத் தடவிக்கொண்டே, இது ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது, பூமிக்குள்ளிருந்து நெருப்புக் குழம்பாக வந்து தண்ணீரில் உறைந்தது, பிறகு யாரோ தோளில் தூக்கி வைத்ததுபோல் தரைக்கு வந்தது என்று விளக்கினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்தக் கல்லை உடைக்கும்போது வருகிற தூசி நுரையீரலில் போய் என்ன செய்யும் என்று அவளிடம் கேட்க நினைத்தேன். அதைக் கேட்கிற அளவுக்கு இங்கிலீஷ் இல்லை. "வெரி நைஸ் ஸ்டோன்," என்றேன்.

கேம்ப்புக்கு நாலு கிலோமீட்டர் மேலே ஜமால் பாயின் பக்காலா இருந்தது. பக்காலா என்றால் பலசரக்குக் கடை. கீழக்கரைக்காரர், இருபது வருஷமாக அதே மலையடிவாரத்தில் பெப்சியும் ரொட்டியும் விற்றுக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரக் கூட்டம் வாராவாரம் அங்கேதான் நின்று தண்ணீர் குடிக்கும். ஒருநாள் அவர்கள் வெளியே நிற்கையில் பாய் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"என்ன தம்பி, தொரைமாருக்கு வழி காட்டுறீங்களாம்ல?"

"சும்மாதான் பாய். பழக்கம்."

"பழக்கம்னா நல்லதுதான். எங்க வீட்டுக்கு வாங்கன்னு அவன் கூப்பிட்டானா?"

 வீட்டுக்கு இல்லாவிட்டாலும் துபாய்க்குக் கூப்பிட்டிருந்தான், அப்படித்தான் நான் நம்பினேன். முந்தின வாரம் இறக்கத்தில் அவன் என் தோளில் தட்டி, "வீ மஸ்ட் கெட் யூ டவுன் டு துபாய், சேவியர்," என்று சொல்லியிருந்தான். உன்னைத் துபாய்க்குக் கொண்டுவந்தே ஆகவேண்டும். பெரிய கம்பெனியின் பெரிய என்ஜினியர் ஓர் எலக்ட்ரீஷியனைப் பார்த்து அப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள். அன்று சாயங்காலமே டெலிபோன் பூத்துக்குப் போய் என் மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னேன். துபாய் கம்பெனி என்றால் ஃபேமிலி விசா. ஃபேமிலி விசா என்றால் அவளும் வரலாம்.

"நெசமாவா சொல்லுதிய?" என்றாள். "அப்ப எப்போ மாறுவிய?"

"கிறிஸ்மஸுக்குள்ள தெரிஞ்சிரும்."

"நான் அம்மைட்ட சொல்லட்டா?"

சொல் என்றேன். அம்மையிடம் சொன்னால் ஊருக்கே சொன்னதுபோல்தான். அதுவும் தெரிந்தேதான் சொன்னேன்.

நவம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. நீளமான பாதை, மலையைத் தாண்டி ஃபுஜைரா கடற்கரைவரை போய் ஹோட்டலில் காலை நாஷ்டா என்று திட்டம். அன்று நான் சர்டிஃபிகேட் நகல்களையும் பயோடேட்டாவையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைக்குள் வைத்திருந்தேன். ஜமால் பாயின் கடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மேட்டின் உச்சி. அங்கிருந்து அணைவரை ஒரே இறக்கம். ரோடு ஒரு லாரி அகலம்தான். நான் முதலில், எனக்குப் பின்னால் கீத், அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். வேகத்தில் அவன் "யா! கோ, கோ!" என்று குழந்தைபோலக் கத்திக்கொண்டு வந்தான். வளைவு திரும்பியதும் எதிரே ஜர்வலி.

ஜர்வலி பாகிஸ்தான் பட்டாணியர். மேட்டின் உச்சியருகே ஓர் அரபியின் தோட்டத்தில் ஆடு பார்ப்பவர். ஐம்பதைத் தாண்டியவர், மருதாணி போட்ட தாடி. தினமும் அணையருகே இருக்கும் கீழ்த்தோட்டத்திலிருந்து ஆட்டுக்குப் புல் அறுத்து, கேரியரில் தன் உயரத்துக்குக் கட்டி, அந்த ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வருவார். இரண்டு வருஷமாக நாங்கள் தினமும் எதிர்ப்படுவோம். தலையை அசைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். அன்று அவர் நடு ரோட்டில் வந்துகொண்டிருந்தார். புல்லுக்கட்டு கண்ணை மறைத்தது. நான் பிரேக் பிடித்திருக்கலாம். பிடித்திருந்தால் பின்னால் வந்தவர்களும் பிடித்திருப்பார்கள், வேகம் போயிருக்கும், கீத் முகம் கோணியிருப்பான். இதெல்லாம் அந்த ஒரு நொடியில் என் மூளைக்குத் தோன்றியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் தோன்றியது. நான் பிரேக்கைத் தொடவில்லை. கத்தினேன்.

"ஹட்! ஹட் ஜாவ்! சைட்! ஜல்தி!"

தள்ளிப்போ, சீக்கிரம் என்று ஹிந்தியில், ஆட்டை விரட்டுகிற குரல். லாரிக்காரர்கள் என்னைப் பார்த்துக் கத்துகிற அதே வார்த்தைகள். ஜர்வலி சட்டென்று சைக்கிளை ஒதுக்கினார். ஓரத்து ஜல்லியில் சக்கரம் வழுக்கியது. புல்லுக்கட்டின் கனம் இழுக்க, சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தார். நாங்கள் எட்டுப் பத்து சைக்கிளும் சர்ரென்று கடந்துவிட்டோம். கொஞ்சம் கீழே போய்த்தான் கீத் நிறுத்தினான்.

"இஸ் ஹி ஆல்ரைட்?" என்று கேட்டான்.

நான் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னாலேயே பதில் சொல்லிவிட்டேன். "நோ ப்ராப்ளம், சார். ஹி இஸ் யூஸ்டு."

அவருக்குப் பழக்கம்தான் என்றேன். ஹெலன் மட்டும் மேலே நடந்துபோனாள். ஜர்வலி எழுந்து உட்கார்ந்து இடது கையை மடியில் வைத்திருந்தார். அவள் ஒரு வாழைப்பழமும் தண்ணீர் பாட்டிலும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். அவர் பாஷை அவளுக்குத் தெரியாது. தெரிந்த நான் மேலே போகவில்லை. நாஷ்டாவுக்கு நேரமாகிறது என்று யாரோ சொல்ல, கிளம்பினோம்.

ஹோட்டலில் கடலைப் பார்த்த மேஜை. வெள்ளைத் துணி, வெள்ளைத் தட்டு, ஐந்தாறு வகை ரொட்டி. என்னையும் உட்காரவைத்தார்கள். சர்வர் ஒரு மலையாளி. அத்தனை பேருக்கும் குட் மார்னிங் சொன்னவன் என்னைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கி, சத்தமில்லாமல் தட்டை வைத்தான். நான் அவனைப் பார்க்காதவன்போல் இருந்தேன். காபி வந்ததும் கவரை வெளியே எடுத்து, கீத்தின் முன்னால் வைத்தேன்.

"வாட்ஸ் திஸ்?" என்றான்.

"துபாய் ஜாப், சார். யூ டெல். சர்டிஃபிகேட், எக்ஸ்பீரியன்ஸ், ஆல் ஹேவ்."

அவன் காகிதங்களைப் புரட்டினான். முதலில் புரியவில்லை. புரிந்ததும், ஏற்கெனவே சிவந்த முகம் இன்னும் சிவந்தது. டிசம்பரில் துபாயில் அவர்கள் குழு ஒரு பார்ட்டி வைக்கிறதாம், அதற்கு முன்னால் கடலோரமாக ஒரு சைக்கிள் சவாரியாம். அதற்கு என்னைக் கூப்பிட வேண்டும் என்றுதான் சொன்னானாம். "ஐ அம் ஸோ ஸாரி, சேவியர். விசா இங்கே எப்படி என்று உனக்குத்தான் தெரியுமே," என்றான்.  ஒருவன் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை உலகத்தின் முக்கியமான வேலைபோலச் செய்துகொண்டிருந்தான். கவர் என்னிடம் திரும்பி வந்தபோது அதன் மேல் ஜாம் ஒட்டியிருந்தது.

பேச்சை மாற்றத்தான் ஹெலன் கேட்டாள் என்று நினைக்கிறேன். "அந்த வயசாளி சரியாகத்தான் இருப்பார், இல்லையா?" நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. மூன்று மணி நேரமாக எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வேலை கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான் ஜர்வலியின் கை எனக்கு நினைவு வந்தது. இந்த வரிசையை நான் மறைக்கவில்லை. அப்படித்தான் நடந்தது.

கார்களை டிரைவர்கள் மெயின் ரோடு வழியாக ஹோட்டலுக்கே கொண்டுவந்திருந்தார்கள். கேம்ப்பில் விட்டுவிடுகிறேன் என்று கீத் சொன்னான். அவன் காரின் சட்டத்தில் என் சைக்கிள் பொருந்தவில்லை. மட்கார்டும் கேரியரும் இடித்தன. ரொம்பக் கனம் என்றான். நானே ஓட்டிக்கொண்டு திரும்பினேன். முப்பது கிலோமீட்டருக்குமேல், பெரும்பாலும் ஏற்றம். கர்த்தரே, அந்த ஆள் எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டே மிதித்தேன். அது அவருக்காகச் செய்த ஜெபமா எனக்காகச் செய்ததா என்று தெரியாது. ஜும்ஆ தொழுகை முடிகிற நேரத்துக்கு ஜமால் பாய் கடைக்கு வந்தேன். ஜர்வலி பெப்சி கிரேட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். ஒற்றைக் கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். பிஸ்கட் பெட்டியின் அட்டையை வெட்டி மணிக்கட்டில் வைத்து, பாய் துணியால் கட்டியிருந்தார். விரல்கள் வீங்கி நீலம் பூத்திருந்தன.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலியா பாய்?"

"எதுலப்பா கொண்டுபோக? எங்கிட்ட வண்டி இருக்கா? அந்தாளோட மொதலாளி, அர்பாப், அபுதாபில இருக்கான். வெள்ளிக்கிழமை ஒரு வண்டி வரல இந்தப் பக்கம். சைக்கிள்தான் வந்துச்சு, பத்து சைக்கிள்." பாய் என் முகத்தைப் பார்க்காமல் கல்லாவைத் துடைத்தார். "யாரு கத்துனதுன்னு அவரு சொல்லல. நான் கேக்கவும் இல்ல. இந்த மலையில ஹிந்தி தெரிஞ்ச தொரை யாருன்னு எனக்குத் தெரியாதா?"

கேம்ப்புக்கு ஓடினேன். இரண்டு வருஷத்தில் எனக்காக ஒருமுறைகூடக் கேட்காத, ஃபோர்மேன் வைத்திருந்த பிக்கப் வண்டியை அன்று அவர் அறைக் கதவைத் தட்டிக் கேட்டேன். தூக்கத்தில் எழுந்த எரிச்சலில் சாவியை எறிந்தார், கூட ஒரு டிரைவரையும் அனுப்பினார். ஃபுஜைரா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு எலும்பு முறிந்திருந்தது. ரோட்டில் அடிபட்ட கேஸ் என்பதால் ஒரு போலீஸ்காரர் வந்தார். எப்படி விழுந்தாய், யார் மோதினார்கள் என்று உருதுவில் கேட்டார்.  கேஸ் என்றால் விசா கொடுத்த கஃபீலுக்குப் போகும், கஃபீல் என்றால் விசா கான்சல், கான்சல் என்றால் ஊருக்கு அடுத்த விமானம். ஜர்வலி என்னை நிதானமாக ஒரு தடவை பார்த்தார். பிறகு போலீஸ்காரரிடம், "கிர் கயா," என்றார். விழுந்துவிட்டேன். அவ்வளவுதான். போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார்.

வராந்தாவில் நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தபோது நான் அவர் காலைத் தொடப் போனேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"கண்ட்டி நஹீ தீ க்யா?" என்று கேட்டார்.

சைக்கிளில் மணி இல்லையா? இல்லை. கீத் கூட்டத்துச் சைக்கிள்களில் மணி கிடையாது என்று பார்த்து, நானும் ஸ்பானர் வைத்துக் கழற்றியிருந்தேன். அதை எப்படி அவரிடம் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன்.  மன்னித்தாரா என்று கேட்காதீர்கள். மன்னிக்கிற அளவுக்கு அவர் என்னை மதிக்கவில்லை.

மாவுக்கட்டு ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் அவருடைய ஆடுகளுக்கு நான் புல் சுமந்தேன். காலையில் போர்வெல் பார்த்துவிட்டுக் கீழ்த்தோட்டத்துக்குப் போய் அறுத்து, கட்டி, தள்ளிக்கொண்டு மேலே வருவேன். அவர் தோட்ட வாசலில் ஒரு கல்லில் உட்கார்ந்து பார்ப்பார். "கட்டு லூஸ்," என்பார். "பழுத்த புல், ஆடு தின்னாது," என்பார். ஒருநாள் முழுக் கட்டையும் அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னார். என் கேரியரில் பச்சைப் புல்லின் ஈரம் ஒழுகிப் பின்சக்கரம் நாறத் தொடங்கியது. ஆறாம் வாரம் முடிந்து கட்டுப் பிரித்த மறுநாள் என் கேரியரிலிருந்த புல்லுக்கட்டை அவரே அவிழ்த்து, தன் சைக்கிளில் வைத்துக் கட்டினார். "பஸ். கலாஸ்," என்றார். போதும், முடிந்தது. நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

அந்த நாட்களில்தான் கீத் ஒருமுறை வந்தான். நான் புல்லோடு ஏறிக்கொண்டிருந்தேன். அவன் நின்று, பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். வரைபடம் தயாராகிவிட்டதாம், ஜெராக்ஸ் எடுத்துத் துபாயில் கொடுக்கிறார்களாம். நான் காட்டிய அத்தனை பாதைகளும் அதில் இருந்தன. எந்த இடத்தில் எவ்வளவு ஏற்றம், எங்கே நிழல், எங்கே படம் எடுக்கலாம், எல்லாம் இருந்தன. எங்கள் கேம்ப் இல்லை. நூற்றிருபது பேர் தூங்கி எழுகிற இடம், காகிதத்தில் வெறும் மலை. ஜர்வலியின் தோட்டம் இல்லை. அவர்கள் வாராவாரம் நின்று தண்ணீர் குடித்த ஜமால் பாயின் கடைகூட இல்லை. கீழே எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன்: முற்றிலும் அமைதியான சாலைகள், வழியில் மனித நடமாட்டம் இல்லை, தண்ணீர் கையோடு கொண்டு செல்லவும்.

"வாட் டு யூ திங்க்?" என்றான் கீத், பெருமையோடு.

"சார், திஸ் ரோட் நாட் கொயட்," என்றேன். "மெனி பீப்பிள், சார்."

அவன் முன்னும் பின்னும் ரோட்டைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "ஒன்லி யூ, சேவியர்!" என்றான். அடுத்த வெள்ளிக்கிழமை வருவாயா என்று கேட்டான். டியூட்டி என்றேன். அது பொய் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்ததில் அவனுக்கு நிம்மதிதான் என்பதும் முகத்தில் தெரிந்தது. கெட்டவன் இல்லை அவன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஸ்டெல்லாவிடம் கிறிஸ்மஸுக்கு மறுநாள் சொன்னேன்.  "சரி, போட்டும்," என்றாள். "அம்மைட்ட நான் என்ன சொல்ல?"

"கம்பெனி மூடிட்டாவன்னு சொல்லு."

"நீங்க பொய் சொன்னா எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அதுக்குத்தான் கேட்டேன்." போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வருஷம் லீவில் ஊருக்குப் போனேன். கல்ஃப்காரன் வந்தால் அம்பாசடரில்தான் போகவேண்டும் என்பது எங்கள் கடற்கரையின் சட்டம். சர்ச்சுக்கு நடந்துபோனாலே வேலை போய்விட்டதா என்று கேட்பார்கள். நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் காலை மச்சினனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஸ்டெல்லா வாசலில் நின்று, "ஆளுவ பாக்குதாவ," என்றாள். பார்க்கட்டும் என்று அப்பா வீட்டுக்குக் கிளம்பினேன். கடலோர ரோடு, ஏற்றமே இல்லை. கால்கள் எதையோ தேடித் தேடி ஏமாந்தன. நாற்பது வருஷம் அப்பா மீன் பெட்டியோடு போன ரோடு. அவர் வீட்டுக்கு இருநூறு அடி இருக்கும்போது எதிரே பஸ் வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது, நான் ஒதுங்கிக்கொண்டே போனேன், ஒதுங்க ஒதுங்க நேராக என்மேலேயே வந்தது. அமீரகத்தில் பழகியதுபோல் நான் வலது பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது பஸ் கிறீச்சிட்டு நின்ற பிறகுதான் உறைத்தது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். சின்ன வயசுக்காரன், என்னைத் தெரியாது.

"லேய், சைடு தெரியாதா? உனக்க ஊரு எதுடே?"

இதுதான் என் ஊர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஸாரி பாய், மாஃபி மாலூம்," என்று வந்தது, தெரியாது என்று. பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பஸ் என்னைச் சுற்றிக்கொண்டு போன பிறகும், எந்தப் பக்கம் போவது என்று தெரிந்தும், கொஞ்ச நேரம் ஒரு காலை ஊன்றி நடு ரோட்டிலேயே நின்றேன்.